சீசனுக்கு 6 எபிசோடா, 22 எபிசோடா?

தொடர்களின் நீளத்தைப் பற்றி நான் ஆழமாக யோசிக்கத் தொடங்கியது ‘தி ஆபிஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரின் பிரிட்டிஷ், அமெரிக்க வடிவங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான். ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் பிபிசிக்காக எழுதி இயக்கிய மூலத்தொடர் 2001இல் தொடங்கியது. சீசனுக்கு 6 வீதம் இரண்டே சீசன்கள், பிறகு இரு பகுதிகளாக ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி என, 2003இல் மொத்தம் 14 எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. என்பிசியின் அமெரிக்க வடிவமோ 2005 முதல் 2013 வரை 9 சீசன்கள், 201 எபிசோடுகள் ஓடியது.

பிரிட்டிஷ் வடிவத்தின் இறுதியில், அலுவலக விருந்திலிருந்து தன் வருங்காலக் கணவனோடு டாக்சியில் கிளம்பிவிட்ட டான், தன்னை நேசிக்கும் சக ஊழியன் டிம் கொடுத்த பரிசைப் பிரிக்கிறாள். ஓவியராக வேண்டும் என்ற ஆசையை மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தவளுக்கு உள்ளே இருந்தது ஒரு வண்ணப் பெட்டி. கூடவே, முயற்சியைக் கைவிடாதே என்று ஒரு வரி. அடுத்து அவள் விருந்துக்குத் திரும்பி வந்து டிம்மை முத்தமிடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு குறைந்த நேரத்தில் அவர்கள் பேசாமல் விட்டவை அத்தனையும் நினைவில் இருந்ததால்தான் அந்தக் காட்சி அப்படித் தைத்தது.

அமெரிக்க வடிவத்தில் டிம்முக்கும் டானுக்கும் இணையான ஜிம்மும் பாமும் முத்தமிட்டுக்கொள்வது இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில், அதாவது 28ஆவது எபிசோடில். பிரிட்டிஷ் தொடரின் மொத்த எண்ணிக்கையைப் போல அது இரண்டு மடங்கு. ஆனாலும் எனக்குச் சலிப்புத் தட்டவில்லை. குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலை நிமிராத ஸ்டான்லி, ஃபிலிஸ், கெவின் போன்ற ஓரத்து மேசைக்காரர்கள் எல்லாம் வளர்ந்து நிற்க அந்த நீளம் இடம் கொடுத்தது. ஏழாம் சீசனில், மேலாளராக நடித்த ஸ்டீவ் கரேல் விலகிய பின்பும் இரண்டு சீசன்களை இழுத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்க நெட்வொர்க்குகளுக்குச் செப்டம்பர் முதல் மே வரை விளம்பர நேரத்தை நிரப்பியாக வேண்டும். ஏறத்தாழ 100 எபிசோடுகள் சேர்ந்தால் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை நல்ல விலைக்கு விற்கலாம். ஆகவே ஒரு எழுத்தாளர் குழுவே உட்கார்ந்து எழுதுகிறது. பிரிட்டனில் பெரும்பாலும் ஓரிருவரே முழுத்தொடரையும் எழுதுகிறார்கள். ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975இல் 6, 1979இல் 6 என 12 எபிசோடுகள்தான். அதில் ஒன்றைக்கூடக் கழித்துவிட எனக்கு மனம் வராது.

ஒரே மர்மத்தைச் சுற்றி ஓடும் கதைக்கு 22 எபிசோடு என்பது தண்டனை என்பதை, விமான விபத்தில் தப்பி ஒரு மர்மத் தீவில் சிக்கியவர்களின் கதையான ‘லாஸ்ட்’ பார்த்தபோது உணர்ந்தேன். மூன்றாம் சீசனில் நாயகன் ஜாக் பச்சை குத்திக்கொண்ட கதைக்காகவே ஒரு முழு எபிசோடைச் செலவழித்தபோது, கதை நகர வழியின்றி நிற்பது வெளிப்படையாகத் தெரிந்தது. 2007இல் அதை ஒளிபரப்பிய ஏபிசி முடிவுத் தேதியை அறிவித்து, மிச்சமிருந்த மூன்று சீசன்களையும் தலா 16 எபிசோடுகளாகத் திட்டமிட்ட பிறகுதான் கதைக்கு மீண்டும் வேகம் வந்தது.

ஆகவே முடிவை நோக்கிப் போகும் கதைக்கு 6 முதல் 10 வரை, அன்றாடம் கூடப் பழகும் மனிதர்களைக் காட்டும் நகைச்சுவைக்கு 20ஐ ஒட்டி என்பதே என் கருத்து. இன்று ஓடிடியில் இரண்டுக்கும் 8 என்று ஒரே அளவாக வெட்டுகிறார்கள். அதில் முதலில் அடிபடுவது ஸ்டான்லியைப் போன்றவர்கள்தான்.