புதுப்பிப்பு: பாத்திக் சட்டைகளில் சாயம் மங்குவது நின்றது

ஜாவாவின் சோலோ நகரில் நான் நடத்தும் ஆடைக் கடையில், பாத்திக் சட்டைகள் (துணியில் கையால் மெழுகுக் கோலம் வரைந்து, மெழுகு படாத இடத்தில் சாயமேற்றி, பிறகு மெழுகை நீக்கிச் செய்பவை) துவைத்ததும் சாயம் மங்குவதாக வாடிக்கையாளர்கள் குறைகூறியதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

உப்புநீரிலும் வினிகரிலும் பெரிய மாற்றமில்லை. சலவைத்தூளை அறவே விட்டுவிட்டு, நம்மூர்ப் பூந்திக்கொட்டையின் இனமான லெராக் காயில் அலசச் சொன்ன யோசனையே பலித்தது. விதையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்து, நுரை வரும்வரை பிசைந்து வடிகட்டி, ஆறிய அந்நீரில் துணியைத் தேய்க்காமல் முக்கியெடுத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தினால், சோகா என்ற மரப்பட்டைச் சாயத்தின் பழுப்பும் அவுரி நீலமும் அப்படியே நிற்கின்றன.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. லாவேயான் பகுதியில் பாத்திக் வரையும் மூதாட்டி ஒருவர், சட்டையின் கழுத்துப்பட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, மெழுகு முழுதாகப் போகவில்லை என்றார். இஸ்திரிப்பெட்டியின் சூடு பட்டதும் அதுதான் எண்ணெய்க்கறைபோல் பரவியிருக்கிறது. மேலே வேறொரு பருத்தித் துணியை விரித்து இஸ்திரி போடுவதால் இப்போது அந்தக் கறையும் வருவதில்லை.