ஷட்டர் ஸ்பீடு 1/200-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, ஷட்டர் போய்விட்டதா?

கோத்தகிரிக் குளிர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர், மூன்று வருடத்துக்கு முன்னால் கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பாதிப் பேர் பிரச்சினையை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பிடித்துக்கொள்வீர்கள். 18-55 லென்ஸ் ஒன்று, 70-300 ஒன்று.

விஷயம் இதுதான். ஷட்டர் ஸ்பீடை நாமே வைக்கிற மோடில் டயலைச் சுற்றினால் 1/200 வரை போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. விரல் வலிக்கச் சுற்றினாலும் அசையாது. முழு மேனுவலிலும் அதே கதை. போன ஞாயிறு ரன்னிமேடு பக்கம் எதிர்மேட்டில் ஏறி உட்கார்ந்து காலை மலை ரயிலுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ரயிலும் வந்தது, புகையும் நான் நினைத்த மாதிரியே தேயிலைக்கு மேல் சாய்ந்து வந்தது, 300-ல் இழுத்து முப்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் எஞ்சின் முகத்தில் ஒரு ரிவெட்கூட ரிவெட்டாக இல்லை, எல்லாம் கலங்கி ஈசிக்கொண்டு கிடக்கிறது.

இது போதாதென்று இன்னும் இரண்டு. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நண்பனின் ஹட்டிக்கு, அதாவது அவனுடைய படுகர் கிராமத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி எல்இடி விளக்கு வெளிச்சத்தில், பிளாஷ் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் பிளாஷ் இல்லாமல் எடுத்தேன். ஒரே இடம், ஒரே செட்டிங், அதே 1/200, அடுத்தடுத்து ஐந்து கிளிக். ஒன்று நல்ல வெளிச்சம், அடுத்தது இருட்டு, இன்னொன்றில் பாதி வேட்டி வெள்ளை, பாதி வேட்டி பழுப்பு. அப்புறம் மாடியிலிருந்து கீழே மேட்டுப்பாளையம் விளக்குகளை 30 விநாடி வைத்து எடுத்தால், எடுத்து முடித்த பிறகும் கேமரா அரை நிமிஷம் செத்த மாதிரி கிடக்கிறது, எந்தப் பட்டனுக்கும் பதில் இல்லை.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கி ஒரு படம்கூட எடுத்துப் பார்க்காமல் ‘போர்டு போயிருச்சு’ என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. இது ஷட்டரா, போர்டா, இல்லை நான்தானா?

ஒற்றைக்கண்:

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுங்கள் நண்பரே, இந்தத் தலைவலியே இருக்காது.

ரேக் ரயில் ரசிகன் (குன்னூர்):

மேலே உள்ளவரை விடுங்கள் தம்பி, அவர் கேமரா பட்டை அறுந்தாலும் மிரர்லெஸ் வாங்கச் சொல்வார்.

முதலில் ஒரு கேள்வி. கேமரா தலையில், அந்த ஹாட் ஷூவில், என்ன மாட்டியிருக்கிறது? எதுவும் இல்லை என்றால் பாப்-அப் பிளாஷ் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஏன் கேட்கிறேன் என்றால் டயல் சரியாக 1/200-ல் வந்து நிற்பது உடைந்த ஷட்டரின் வேலை இல்லை. கெட்டுப்போன பொருள் இப்படி முழு எண்ணாகப் பார்த்து நிற்காது. பிளாஷ் இருப்பதாக கேமரா நினைத்துக்கொண்டால்தான் இந்த நிறுத்தம். ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். 1/200 (சில கேமரா பாடிகளில் 1/250) வரைக்கும் ஒரு கணமாவது சென்சார் (படம் பதிகிற சில்லு) முழுசாகத் திறந்திருக்கும், பிளாஷ் அந்தக் கணத்தில் வெட்டும். அதைத் தாண்டினால் முதல் திரை ஓடி முடிக்கும் முன்பே இரண்டாவது திரை கிளம்பிவிடும், நடுவில் ஒரு இடுக்கு மட்டும் சென்சார் மேல் ஓடும், அந்த நேரத்தில் பிளாஷ் வெட்டினால் படத்தில் ஒரு பட்டை கறுத்துவிடும். அதனால்தான் கேமரா உங்களை அங்கேயே கட்டிப்போடுகிறது.

ரயில் படத்துக்கு வருவோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, அங்கே ரயில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதாவது விநாடிக்குச் சுமார் 3.6 மீட்டர். 1/200 விநாடியில் இரண்டு சென்டிமீட்டர்கூட நகராது. எதிர்மேட்டிலிருந்து அத்தனை தூரத்தில் எடுத்த படத்தில் இரண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம் இல்லை. அந்தப் படங்களைத் திரும்பத் திறந்து எஞ்சினைப் பார்க்காமல் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை கூர்மையாக இருந்து எஞ்சின் மட்டும் ஈசியிருந்தால் ஸ்பீடு பற்றவில்லை. பாறையும் சேர்ந்து ஈசியிருந்தால் நகர்ந்தது ரயில் இல்லை, உங்கள் கை. 300 மி.மீ-ஐ உங்கள் சின்ன சென்சாரின் 1.5-ஆல் பெருக்கினால் 450 வரும், கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/500 வேண்டும். நீங்கள் 1/200-ல் மாட்டிக்கொண்டு, அதுவும் இரண்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து விறைத்த கையோடு எடுத்திருக்கிறீர்கள்.

ஹட்டி படத்தில் கோளாறு விளக்கில். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விநாடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரியும், கண்ணுக்குத் தெரியாது. 1/200 என்பது அந்த மினுக்கலில் பாதி நேரம்தான். ஒரு கிளிக் பிரகாசத்தில் விழும், அடுத்தது மங்கலில் விழும், சிலது நடுவில் மாட்டிக்கொண்டு உங்கள் பாதி வேட்டி கணக்காகும். 1/100 அல்லது 1/50 வைத்திருந்தால் முழு மினுக்கலும் உள்ளே வந்து எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்திருக்கும். பண்டிகை ஆட்டத்தை 1/50-ல் எடுத்தால் கால்கள் கலையும்தான், அது வேறு வழக்கு.

30 விநாடி விஷயம் கோளாறே இல்லை. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருக்கும். கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 விநாடி இருட்டைப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து புள்ளிகளைக் கழிக்கிறது. மெனுவில் ஆஃப் செய்யலாம்.

கோத்தகிரிக் குளிர்:

அண்ணா, எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று சின்னச் சின்ன வேலைக்குப் போவேன், அதற்காக வாங்கிய பிளாஷ் டிரிக்கர் (தள்ளி வைத்த பிளாஷை வெட்டவைக்கிற கருவி) கழற்றச் சோம்பல்பட்டு ஆறு மாசமாக தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பிளாஷ் அலமாரியில் தூங்குகிறது, டிரிக்கர் மட்டும் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கேமராவிடம் ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கழற்றினேன். டயல் 1/4000 வரை எண்ணெய் விட்ட மாதிரி ஓடுகிறது. பாறையையும் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான், பாறையும் ஈசியிருக்கிறது.

ஆனால் கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதையாக இப்போது இன்னொன்று. 1/2000, 1/4000 வைத்து வானத்தோடு சேர்த்துத் தேயிலைத் தோட்டத்தை எடுத்தால் படத்தின் மேல்பக்கம் இருட்டாக வருகிறது. மழை மேகம் என்று நினைத்தேன். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தேன், மேகம் தரைக்கு வந்துவிட்டது.

ரேக் ரயில் ரசிகன் (குன்னூர்):

தலைகீழாகப் பிடித்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் மூளை. அந்தக் கடைக்காரர் செய்யாத வேலை.

இப்போது முறையாகச் செய்யுங்கள். மேகமூட்டமான பகலில், வெளியே ஒரு வெள்ளைச் சுவர். டியூப்லைட் வெளிச்சத்தில் வேண்டாம், மறுபடி மினுக்கல் வந்து குழப்பும். மேனுவல் மோட், அபர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 5.6-ஐ அசைக்கவே கூடாது, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறனைக் கேமராவே மாற்றுவது) ஆஃப். 1/125-க்கு ஐஎஸ்ஓ 100-ல் தொடங்கி ஸ்பீடை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் ஐஎஸ்ஓவையும் இரட்டிப்பாக்குங்கள்: 1/250-க்கு 200, 1/500-க்கு 400 என்று போய் 1/4000-க்கு 3200 வரை. ஆறு படமும் ஒரே வெளிச்சத்தில் வந்தாக வேண்டும், கடைசியில் பொரிப்பொரியாக இருக்கும், பரவாயில்லை. அபர்ச்சரைத் தொடாததால் லென்ஸ் இலைகள் மேல் பழி போக வழியில்லை.

கோத்தகிரிக் குளிர்:

பள்ளிக்கூடச் சுவரில் எடுத்தேன். வாட்ச்மேன் சுவரை ஏன் ஆறு தடவை எடுக்கிறாய் என்று விசாரித்தது தனிக்கதை. 1/500 வரை ஒரே வெள்ளை. 1/1000-ல் மேல் ஓரம் லேசாக மங்கல். 1/2000-ல் மேல் கால்வாசி சாம்பல். 1/4000-ல் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய கறுப்பு.

ஹட்டிக்காரன்:

என் கேமராவிலும் இப்படி வந்தது. மிஷின் எண்ணெய் ஸ்ப்ரேயை லேசாக ஒரு பீச்சு பீச்சினால் திரை ஓடிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

கோவைக் கண்ணாடி:

தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்! ஷட்டர் திரையின் இலைகள் காய்ந்து ஓட வேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்த எண்ணெயே சென்சார் மேலும் தெறிக்கும். விரலோ, காது குச்சியோ, சின்னக் குழந்தையின் மூக்கு பம்ப் தவிர்த்த எந்தக் காற்றோ அந்த இலைகள் பக்கம் போகக் கூடாது. கேஸ் டப்பா காற்று வளைத்துவிடும்.

கோத்தகிரி நண்பருக்கு: உங்களுக்கு முதல் திரை மந்தம். சென்சாரில் படம் தலைகீழாக விழும், திரைகள் மேலிருந்து கீழே ஓடும், ஆகவே ஓட்டம் முடிகிற இடம் படத்தின் மேல்பக்கம். முதல் திரை தளர்ந்து ஓடினால் பின்னால் வருகிற இரண்டாவது திரை கடைசியில் அதை எட்டிப் பிடித்துவிடும், இடுக்கு மூடிக்கொள்ளும், அந்த இடத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. 1/125-ல் இதே தாமதம் இருக்கத்தான் செய்கிறது, இடைவெளி பெரியதாக இருப்பதால் தெரிவதில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி. லைவ் வியூவில் (பின்பக்க டிஸ்பிளேயைப் பார்த்து எடுக்கிற முறை) எலக்ட்ரானிக் முதல் திரை வசதி உங்கள் பாடியில் இருக்கிறதா என்று பாருங்கள், சில கேமராக்களில் சைலன்ட் ஷூட்டிங் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதில் முதல் திரை ஏற்கெனவே திறந்தே இருக்கும், சென்சார் தானே தொடங்கிக்கொள்ளும், இரண்டாவது திரை மட்டும் ஓடும். அதே 1/4000-ஐ அதில் எடுத்து மேல்பக்கம் வெளுத்துவிட்டால் குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது.

எத்தனை கிளிக் ஓடியது என்பதையும் பாருங்கள். நிக்கான் என்றால் படக் கோப்புக்குள்ளேயே எண் பதிந்திருக்கும், கேனானில் பெரும்பாலும் இருக்காது. தொடக்கநிலை பாடிகளுக்கு ஒரு லட்சம் என்று கணக்குச் சொல்வார்கள், அதற்காக ஒரு லட்சத்து ஒன்றில் உயிர் போகும் என்று இல்லை.

தூண் பாறைத் துணை (கொடைக்கானல்):

ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் கேமராவைக் கொல்வது பாதி அதுதான். மூடுபனியில் ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு, குளிர்ந்து கிடக்கும் கேமராவை நேரே அடுப்பு எரிகிற அறைக்குக் கொண்டுபோனால் கண்ணாடி டம்ளர் மாதிரி உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். வாசலிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, கவரோடு உள்ளே கொண்டுபோய், கேமரா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். மழை மாசங்களில் தோல் பையில் வைக்கவே வைக்காதீர்கள். நான் ரப்பர் வளையம் போட்ட அரிசி டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன், உள்ளே சின்ன ஈரமானி ஒன்று, 40-க்கும் 50-க்கும் நடுவில் முள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் எனக்குக் கிடைக்கும் திட்டு அரிசி டப்பாவுக்காகத்தான்.

அப்புறம் பனிக்குள் எடுக்கும்போது கேமராவின் வெளிச்ச மீட்டரை நம்பாதீர்கள். வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்றி வையுங்கள். நான் இதையே ஷட்டர் கோளாறு என்று ஒரு சீசன் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோத்தகிரிக் குளிர்:

எலக்ட்ரானிக் முதல் திரை என் பாடியில் இருக்கிறது. 1/4000, முழுச் சுவரும் வெள்ளை. கோவைக் கண்ணாடி சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

போன வாரம் கோவைக்கு இறங்கி ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். லென்ஸைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கி, டார்ச் அடித்து எனக்கே காட்டினார். கறுப்பு இலைகளில் மேலிருந்து இரண்டாவதில் நகம் அளவுக்கு ஒரு மினுமினுப்பு, எண்ணெய்க் கறை. எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் யாரோ அந்த வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். ஷட்டர் யூனிட்டையே மாற்ற வேண்டுமாம். அவர் சொன்ன தொகை நான் கேமரா வாங்கிய விலையில் பாதியைத் தாண்டுகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன்.

இப்போதைக்கு கையில் எடுத்தால் 1/500-ஐத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் வேண்டும் என்றால் டிரைபாட், லைவ் வியூ, எலக்ட்ரானிக் திரை. நேற்று மறுபடி அதே மேடு, 300 மி.மீ, 1/1000. மூடுபனிக்கு ஒரு ஸ்டாப் ஏற்றினேன். எஞ்சின் முகத்தில் ரிவெட் எண்ணலாம் அண்ணா, ஓட்டுநர் தேநீர் டம்ளரைப் பிடித்திருக்கிற விரல்கூடத் தெரிகிறது.

ரேக் ரயில் ரசிகன் (குன்னூர்):

படத்தைப் போடாமல் பேசுவது என்ன நியாயம்?

ஒற்றைக்கண்:

அந்த 70-300 லென்ஸை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், அடாப்டர் வைத்திருக்கிறேன்.

கோத்தகிரிக் குளிர்:

படம் இன்று ராத்திரி போடுகிறேன் அண்ணா, இங்கே நெட் இழுக்கவில்லை. லென்ஸ் விற்பதாக இல்லை.