230,000 வெள்ளி வேலையை ரெண்டா உடைச்சா ஜி1 போதுமாம்!

அளவுநாடா_செந்தூல்
குரூப் குரூப்பா ஒரு மெசேஜ் சுத்துது: "டெரஸ் வீட்டுக்குப் பின்னால கிச்சன் இழுத்து மேல ஒரு ரூம் போட 230,000 வெள்ளியா? 150,000-க்கு ஒரு கொன்ட்ராக், 80,000-க்கு இன்னொன்னு எழுதுங்க. ஜி1 போதும், சிஐடிபி கேட்காது." எழுதினவர் இங்கேதான் இருக்கார். பிறை_பில்டர், உங்களைத்தான் சொல்றேன். கொன்ட்ரக்டருக்குக் கிரேடு கொடுக்கறது மலேசியக் கட்டுமான வாரியமான சிஐடிபி. ஜி1-னா 200,000 வரைக்கும்தான். ஜி2 500,000, ஜி3 பத்து லட்சம். அந்த எல்லை வேலைக்கு, நீங்க கிழிக்கிற பேப்பருக்கு இல்ல. ஒரே வீடு, ஒரே பிளான், ஒரே கொன்ட்ரக்டர், அப்புறம் ரெண்டு கொன்ட்ராக் எங்கிருந்து வந்தது?

பிறை_பில்டர்
கூப்பிட்டீங்க, வந்துட்டேன். எல்லை கொன்ட்ராக் மதிப்புக்குத்தான். 150,000 ஒன்னு, 80,000 ஒன்னு, ரெண்டுமே 200,000-க்குக் கீழ. ஒரு ஜி1 கொன்ட்ரக்டர் வருஷத்துல பத்து வேலை எடுத்தா மொத்தம் பத்து லட்சம் தாண்டும், அதை யாராவது தப்புன்னு சொல்லுவாங்களா? இதுவும் அப்படித்தான்.

அளவுநாடா_செந்தூல்
பத்து வீட்டுல பத்து வேலை, அதை யாரும் கேட்கல. ஒரு வீட்டுல ஒரு வேலையைத்தான் கேட்கிறேன். மாநகர் மன்றத்துக்குப் போற பிளான் ஒன்னா, ரெண்டா?

வயர்மேன்_கெப்போங்
அண்ணே, வீட்டுக்காரர் வயரிங்கைத் தனியா இன்னொருத்தருக்குக் கொடுத்தா அது உடைச்சதா ஆகாதே. அந்த வேலையை எப்படியும் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவுல பதிஞ்ச எலக்ட்ரிக்கல் கொன்ட்ரக்டர்தான் எடுக்கணும், சிங்கிள் ஃபேஸோ த்ரீ ஃபேஸோ அதுக்குத் தகுந்த சான்றிதழ் உள்ள வயர்மேன் வேணும். வேலை முடிஞ்சா போரங் ஜி-ல (வேலை முடிஞ்ச சான்று) வயர்மேனும், போரங் ஹெச்-ல (சோதனைச் சான்று) சோதிக்க அனுமதி உள்ள வயர்மேனும் கையெழுத்துப் போடணும்.

பிறை_பில்டர்
பார்த்தீங்களா! வயரிங் தனி, அலுமினியம் தனி, ஏர்கோன் தனி. நாங்க சொன்னதும் அதேதான்.

அளவுநாடா_செந்தூல்
நீங்க சொன்னது அது இல்ல. வீட்டுக்காரர் நாலு பேருக்கு நேரடியா நாலு வேலை கொடுத்தா, நாலு பேருக்கும் அவங்கவங்க பொறுப்பு உண்டு. நீங்க சொன்னது ஒரே ஆள் அஸ்திவாரத்துக்கு ஒரு பேப்பர், அதே சுவருக்கு மேல ஓடும் டைல்ஸும் போட இன்னொரு பேப்பர் எழுதறது.

இன்சூரன்ஸையும் கொஞ்சம் பாருங்க. கொன்ட்ரக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி எடுக்கறப்போ கொன்ட்ராக் தொகையைக் காட்டணும். 150,000-ன்னு காட்டிட்டு சைட்டுல 230,000 வேலை நடந்தா, கட்டின பாகம் இடிஞ்சு விழுந்த அன்னிக்கு இன்சூரன்ஸ் ஆள் ரெண்டு பேப்பரையும் வாங்கிப் பார்ப்பார். காப்பீடு குறைவுன்னு உங்க வேலைக்கான இழப்பீட்டை அதே விகிதத்துல வெட்டுவார். மிச்சத்தை யார் கொடுக்கறது?

ஜெலுத்தோங்_கியூஎஸ்
பணம், பேப்பர்னே பேசறீங்க. கிச்சன் இழுக்கிற வேலையில முதல்ல கெட்டுப்போறது பைலிங்தான் (அஸ்திவாரத்துக்கு மண்ணுல தூண் இறக்கறது), அதை யாரும் எழுதல. பழைய வீடு கொங்க்ரீட் பைல் மேல நிக்கும். பின்னால இழுத்த பாகத்துக்கு மூணு அங்குல பாக்காவ் கம்பு (சதுப்புநில மரம்) இறக்குவாங்க, இல்லன்னா அதுவும் இல்லாம வெறும் ஸ்லாப் போடுவாங்க. கடலோரக் களிமண்ணுல புது பாகம் தனியா இறங்கும். பழைய பீமுல கம்பி குத்திப் புதுசைக் கட்டியிருந்தா, இறங்கறப்போ அது பழைய சுவரையும் இழுத்துக்கிட்டுப் போகும். ரெண்டுக்கும் நடுவுல பிரிப்பு ஜாயின்ட் விட்டு, மேல ஃப்ளாஷிங் தகடு போட்டு மழைத்தண்ணி இறங்காம பார்க்கணும். இஞ்சினியர் கையெழுத்து இல்லாத வேலையில இதெல்லாம் நடக்கறதில்ல.

பிறை_பில்டர்
பாக்காவ் கம்புல நின்ன வீடுகள் இந்த ஊர்ல நிறைய உண்டு அக்கா. புத்தகத்தை வச்சு எங்களுக்குப் பைலிங் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஜெலுத்தோங்_கியூஎஸ்
தண்ணி மட்டத்துக்குக் கீழ முழுசா முங்கியே இருந்தா பாக்காவ் உழைக்கும். மட்டம் ஏறி இறங்கற இடத்துல தலை அழுகிடும். உங்க கொட்டேஷன்ல மண் பரிசோதனைக்கு ஒரு வரியாவது உண்டா?

அளவுநாடா_செந்தூல்
கியூஎஸ் சொன்ன மாதிரி புது பாகம் இறங்கி சுவர்ல விரிசல் விட்டதுன்னு வச்சுக்குங்க. அது எந்தக் கொன்ட்ராக்குல வரும், 150,000-லயா, 80,000-லயா? குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது குறையைக் கொன்ட்ரக்டரே சரிசெய்ய வேண்டிய காலம், எந்தத் தேதியில ஆரம்பிக்கும்? இதைக் கேட்டா பதில் வரமாட்டேங்குது.

பிறை_பில்டர்
பதில் மூணு தடவை சொல்லியாச்சு. கொன்ட்ராக் ரெண்டு. உங்க கோலாலம்பூர்ல மாநகர் மன்றம் டிபிகேஎல்லுக்குப் பயந்து எல்லாத்தையும் பெரிசாக்குவீங்க. பினாங்குல நாங்க நிதானமா வேலை பார்ப்போம்.

ஜெலுத்தோங்_கியூஎஸ்
பினாங்குன்னு எங்களையும் சேர்க்காதீங்க. நீங்க இருக்கிறது செபராங் பிறை மாநகர் மன்றத்துக்குக் கீழ. தீவுல பினாங்கு மாநகர் மன்றம், அதுலயும் ஜார்ஜ்டவுன் பாரம்பரிய எல்லைக்குள்ள வந்துட்டா வேற கணக்கு. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததிலிருந்து அந்த எல்லைக்குள்ள முகப்பு, கூரை ஓடு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாத்துக்கும் தனிப் பரிசீலனை உண்டு. பழைய மென்மையான செங்கல் சுவருக்கு சிமெண்ட் பூசினா ஈரம் வெளியேற வழியில்லாம உள்ளேயே நிக்கும், உப்பு பூத்து செங்கல் பொடிப்பொடியா உதிரும். பூசறதே சிமெண்ட், இதுல ஊர்ப் பெருமை வேற.

பிறை_பில்டர்
கிச்சனைப் பத்திப் பேசினா ஹெரிடேஜுக்குப் போறீங்க. சுண்ணாம்பு பூச எத்தனை மாசம் ஆகும்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவீங்களா?

ஜெலுத்தோங்_கியூஎஸ்
சொல்லுவேன். ஒவ்வொரு கோட்டும் காயணும்னு கொட்டேஷன்லயே எழுதுவேன்.

தாமான்_துன்_வீட்டுக்காரர்
எனக்கு வேண்டியது ஒன்னுதான். பெர்மிட்டுக்கு எவ்வளவு, யார் எடுக்கணும்? கொன்ட்ரக்டர் "500 வெள்ளியில முடிச்சிடறேன்"னு சொல்றார்.

அளவுநாடா_செந்தூல்
மேல ரூம் போடறீங்கன்னா 500 வெள்ளியில முடியாது. ஆவ்னிங், சின்னச் சுவர் மாதிரி வேலைக்குச் சின்ன பெர்மிட் போதும், மன்றத்துக்கு மன்றம் கட்டணம் மாறும். மாடி, பீம், தூண் வந்தா முழு பிளான்: ஆர்க்கிடெக்ட் அல்லது பதிவு பெற்ற பிளான் டிராஃப்ட்ஸ்மேன், கூடவே ஸ்ட்ரக்சர் இஞ்சினியர். மன்றத்தோட ஓஎஸ்சி (ஒரே இட விண்ணப்ப மையம்) வழியா சமர்ப்பிக்கணும். இவங்க கட்டணமே சில ஆயிரம் வெள்ளி வரும். கொட்டேஷன்ல அந்த வரி இல்லன்னா பிளானும் இல்லன்னு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதக் கடிதத்தை முன்னாலயே வாங்குங்க. கொண்டோன்னா அதை நிர்வகிக்கிற ஜேஎம்பி அல்லது எம்சியோட எழுத்து அனுமதியும் டெபாசிட்டும் தனி.

பிளான் இல்லாம கட்டினா 1974 தெரு, வடிகால், கட்டடச் சட்டம் பிரிவு 70 முதல்ல உங்களைத்தான் பிடிக்கும். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வர்றதும் உங்க வீட்டுக்குத்தான். சிஐடிபியில பதிவே இல்லாத ஆளா இருந்தா அவருக்கு 10,000-லிருந்து 100,000 வரை அபராதம். பதிவு உண்டான்னு கம்பெனிப் பேரைப் போட்டு நீங்களே பார்க்கலாம்: கிரேடு, காலாவதித் தேதி, பி04 (பொதுக் கட்டட வேலைப் பிரிவு) இருக்கா. சைட்டுல வேலை செய்யற ஒவ்வொருத்தருக்கும் சிஐடிபியோட கிரீன் கார்டு இருக்கணும்.

பிறை_பில்டர்
பயமுறுத்தாதீங்க லா. சிஐடிபிக்குக் கட்டற லெவி பத்தியும் சொல்லிடுங்க, வீட்டுக்காரர் இன்னும் பயப்படட்டும்.

அளவுநாடா_செந்தூல்
லெவி 500,000-க்கு மேற்பட்ட கொன்ட்ராக்குக்குத்தான், 0.125 விழுக்காடு. 600,000-க்கு 750 வெள்ளி. கட்டறது கொன்ட்ரக்டர். இவர் வேலைக்கு அது கிடையாது, அதனால சொல்லல.

உங்களுக்கு 230,000 வேலை வருதுன்னா ஜி2-க்கு ஏறுங்க. ஜி1-க்கு மூலதனம் 5,000, ஜி2-க்கு 25,000. பேங்க் ஸ்டேட்மென்ட்டோட விண்ணப்பம் போட்டா 500,000 வரை நேர்மையா எடுக்கலாம்.

பிறை_பில்டர்
25,000-ஐ பேங்க்ல காட்டிக்கிட்டு உட்கார்ந்தா கம்பிக்காரனுக்கு யார் கொடுக்கறது? சின்ன கொன்ட்ரக்டருக்கு அது சுத்தற பணம். வீட்டுக்காரர் கடைசி 20 விழுக்காட்டை இழுத்தடிச்சா எங்க கதி? அதுக்குத்தான் கட்டுமானப் பாக்கியை வாங்கித் தர்ற சிப்பா சட்டம் இருக்கு, நேரா அட்ஜுடிகேஷன் (கோர்ட்டுக்குப் போகாம நடுவர் தீர்ப்பு) போட்டு வாங்குவோம்.

அளவுநாடா_செந்தூல்
போட முடியாது. சிப்பா பிரிவு 3: நாலு மாடிக்குக் கீழ, தனிநபர், முழுக்கத் தன் குடியிருப்புக்குக் கட்டறது. இந்த மூணும் சேர்ந்தா அந்தச் சட்டம் செல்லாது. டெரஸ் வீட்டு கிச்சன் அதுக்குள்ளதான் வரும். அதனாலதான் கட்டம் கட்டமா பேமெண்ட் எழுதுங்கன்னு சொல்றது: பைலிங் முடிஞ்சா இவ்வளவு, கூரை ஏறினா இவ்வளவு. வீட்டுக்காரருக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, மனுவுக்கு 5 வெள்ளி, ஆனா 50,000 வெள்ளி வரைக்கும்தான்.

வயர்மேன்_கெப்போங்
கட்டத்துல எங்களையும் சேருங்கண்ணே. பூச்சு போட்டதுக்கு அப்புறம் கொன்டுயிட்டுக்கு (வயர் போற குழாய்) சுவரை வெட்டச் சொல்றாங்க. ஏர்கோன் ரெண்டு, இன்டக்ஷன் அடுப்பு ஒன்னுன்னு கூட்டிட்டு, பழைய சிங்கிள் ஃபேஸ்லயே ஓட்டச் சொல்றாங்க. மின்சாரக் கம்பெனி டிஎன்பிக்கு லோட் கூட்டற விண்ணப்பம் யார் செலவுல?

பிறை_பில்டர்
அது உங்க கொன்ட்ராக்குல. கொன்ட்ராக் தனித்தனின்னு முதல்லயே சொன்னேன்.

அளவுநாடா_செந்தூல்
அஞ்சாவது தடவையும் அதேதானா? பிளான் ஒன்னா, ரெண்டா? அதை மட்டும் சொல்லுங்க.

பிறை_பில்டர்
கொன்ட்ராக் ரெண்டு. கொன்ட்ராக் நம்பரே வேற வேற.

தாமான்_துன்_வீட்டுக்காரர்
எங்க கொட்டேஷன்ல பிளான் வரியையே காணோம். பெர்மிட் 500, பைலிங் "உட்பட"ன்னு மட்டும் எழுதியிருக்கு.

ஜெலுத்தோங்_கியூஎஸ்
"உட்பட"ன்னா எத்தனை கம்பு, என்ன நீளம், எத்தனை அடிக்கு இறக்குவாங்கன்னு எழுதி வாங்குங்க. அதை எழுதற வரைக்கும் டெபாசிட் கொடுக்காதீங்க.

பிறை_பில்டர்
கம்பை எண்ணி எண்ணி எழுதிக்கிட்டிருந்தா வேலையை எப்ப ஆரம்பிக்கறது?