பீச் பாய்ஸ் குழு 1967க்குப் பிறகு உண்மையிலேயே சரிந்துவிட்டதா?

கேள்வி

பிரையன் வில்சன் 2025 ஜூன் 11 அன்று மறைந்த செய்தியைப் படித்த பிறகு, அவர் பாடல்களை உருவாக்கிய அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் இசைத்தட்டுகளை வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வருகிறேன். 1966 டிசம்பரில் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டனின் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' இதழின் வாசகர்கள், பீட்டில்ஸையும் பின்னுக்குத் தள்ளி, உலகின் சிறந்த குரலிசைக் குழுவாக இவர்களுக்கே வாக்களித்தார்கள். ஆனால் 1970இல் வெளிவந்த 'சன்ஃபிளவர்' அமெரிக்கப் பட்டியலில் 151ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதன்பின் 1974இல் பழைய பாடல்களின் தொகுப்பு ஒன்று முதலிடத்துக்கு வந்திருக்கிறது.

'ஸ்மைல்' என்ற இசைத்தட்டு கைவிடப்பட்டதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். ஒரே ஒரு தட்டு வெளிவராமல் போனதால் இத்தனை பெரிய குழு விழுந்துவிடுமா? 'சன்ஃபிளவரை' மூன்று முறை கேட்டேன். விலக்கி வைக்கும்படியான குறை எதுவும் என் காதில் படவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

விழுந்தது இசையன்று, விற்பனை என்பதே என் கருத்து. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

கலிபோர்னியாவின் ஹாதோர்ன் நகரில் 1961இல் தொடங்கிய குடும்பக் குழு இது. பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற மூன்று சகோதரர்கள், அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின் ஆகிய ஐவரும் சேர்ந்து பாட, சகோதரர்களின் தந்தை மரி வில்சன் மேலாளராக இருந்தார். கடலலையில் சறுக்கி விளையாடுவதைப் பற்றிப் பாடிப் புகழ்பெற்ற அந்த ஐவரில், உண்மையிலேயே அந்த விளையாட்டில் ஈடுபட்டவர் டென்னிஸ் ஒருவர்தான். கடல், கார், கோடை விடுமுறை என்ற அடையாளம் அவர்களை மிக விரைவாக மேலே கொண்டுபோனது. அதே அடையாளம் பின்னர் கழற்ற முடியாத சட்டையாக உடலோடு ஒட்டிக்கொண்டது. 1967 ஜூனில் மான்டரே இசை விழாவில் பாட ஒப்புக்கொண்டிருந்தவர்கள் கடைசி நேரத்தில் விலகினார்கள். ராணுவத்தில் சேர மறுத்ததற்காகக் கார்ல் மீது அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒலிப்பதிவு நிறுவனத்தோடு உரிமைத்தொகைத் தகராறும் அதே ஆண்டில்தான் நீதிமன்றம் சென்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றோர் அந்த விழா மேடையில் அமெரிக்க ரசிகர்களைக் கட்டிப்போட்ட நாள்களில், கோடுபோட்ட சட்டையணிந்த ஐந்து இளைஞர்கள் பழைய காலத்தவர்களாகத் தோன்றத் தொடங்கிவிட்டார்கள். எனவே, 'ஸ்மைல்' நின்றுபோனது ஒரு காரணம் மட்டுமே. முழுக் காரணம் அன்று.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் 'ஸ்மைல்' நின்றுபோனதை அத்தனை எளிதாகக் கடந்துவிட என்னால் முடியவில்லை. அந்த இழப்பின் அளவு தெரியவேண்டுமானால், அதற்கு முன்பு பிரையன் ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பார்க்கவேண்டும்.

1964 டிசம்பரில் ஹூஸ்டன் செல்லும் விமானத்தில் கடும் மனப்பதற்றத்துக்கு ஆளான பிரையன், அதன்பின் கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்க, அவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தபடி, தேர்ந்த ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்களை வைத்து இசைப்பகுதிகளைப் பதிவு செய்தார். டிரம்ஸில் ஹால் பிளெய்னும் பாஸ் கிட்டாரில் கேரல் கேயும் அவர்களில் முக்கியமானவர்கள். 1966 மே மாதம் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' அப்படிப் பிறந்ததுதான். 'காட் ஒன்லி நோஸ்' பாடலை ஹெட்போனில் கேளுங்கள். பாஸ் கிட்டார் ஆதார சுரத்தில் அமராமல் வேறு சுரங்களிலேயே நடந்துகொண்டிருப்பதால், பாடல் தரையில் கால் பதிக்காமல் மிதப்பதுபோல் இருக்கும். இறுதியில் ஒரே வரியைக் குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திப் பாடிக்கொண்டே மறையும். இந்தப் பாடலில் கேட்பவை கார்ல், பிரையன், பின்னர் குழுவில் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன் ஆகிய மூவரின் குரல்கள் மட்டுமே. வலக்காது ஏறக்குறைய கேட்காத ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். அந்தத் தட்டை அவர் மோனோவில்தான், அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலியாகத்தான், கலந்தார். ஸ்டீரியோ வடிவம் 1990களில்தான் வந்தது.

அடுத்து வந்த 'குட் வைப்ரேஷன்ஸ்' பல கூடங்களில் பல மாதங்கள் துண்டு துண்டாகப் பதிவாகி, பிறகு நாடாக்களை வெட்டி ஒட்டி, மூன்றரை நிமிடப் பாடலாக முடிந்தது. பாடலாசிரியர் வான் டைக் பார்க்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்மைலில்', முழுத் தட்டையுமே அந்த முறையில் அமைக்க முயன்றார். துண்டுகள் பெருகின, எதை எதோடு சேர்ப்பது என்ற முடிவு எட்டப்படவில்லை, வரிகள் புரியவில்லை என்று மைக் லவ் கேள்வி எழுப்பினார், பிரையனின் மனநலமும் குலைந்தது. 1967 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த 'ஸ்மைலி ஸ்மைல்', ரசிகர்கள் காத்திருந்த தட்டாக இல்லை. வாசலில் பந்தல் போட்டு ஊரை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது போலாயிற்று.

மறுமொழி 3

பிரையனை மட்டுமே மையமாக வைத்துப் பேசும்போது, அதன்பின் குழுவைத் தாங்கிப் பிடித்தவர்களின் உழைப்பு மறைந்துபோகிறது. 1971இல் வந்த 'சர்ஃப்ஸ் அப்' தட்டின் தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 'ஸ்மைலுக்காக' எழுதப்பட்டு முடிக்கப்படாமல் கிடந்த பாடல். முதல் பகுதியைக் கார்ல் புதிதாகப் பாடினார். நடுப்பகுதியில் பிரையன் 1966இல் பியானோவோடு தனியாகப் பாடிய பழைய பதிவை வைத்தார்கள். முடிவில் அனைவரின் குரல்களும் சேர்ந்தன. ஐந்தாண்டு இடைவெளியில் நின்ற அண்ணனையும் தம்பியையும் ஒரே பாடலுக்குள் கேட்கிறோம். அந்தத் தட்டு 29ஆம் இடம்வரை சென்றது என்பதையும் கவனிக்கவேண்டும்.

1974இல் முதலிடம் வந்த 'எண்ட்லெஸ் சம்மர்' பற்றி எனக்கு மகிழ்ச்சி இல்லை. குழு விலகிச் சென்றுவிட்ட பழைய ஒலிப்பதிவு நிறுவனமான கேபிட்டல், தன்னிடமிருந்த 1960களின் தொடக்ககாலப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. அது பட்டியலில் 155 வாரங்கள் இருந்தது. அதன்பின் கச்சேரிக்கு வந்தவர்கள் கடலையும் காரையுமே கேட்டார்கள். குழுவும் அதையே கொடுக்கப் பழகிவிட்டது. 1988இல் 'கொகோமோ' முதலிடம் பெற்றதும் அந்தக் கோடைக்கால அடையாளத்தால்தான். அப்பாடலின் பதிவில் பிரையன் இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 'சர்ஃப்ஸ் அப்' பாடலை இன்று காலை மீண்டும் கேட்டேன். பியானோவோடு பிரையனின் குரல் நுழையும் இடம் இப்போது தெளிவாகப் பிடிபட்டது. 'சன்ஃபிளவரில்' என் மனத்தில் நின்றது, டென்னிஸ் எழுதிப் பாடிய 'ஃபாரெவர்'. அவர் 1983 டிசம்பரில் மரினா டெல் ரேயில் கடலில் மூழ்கி இறந்தார் என்று படித்த பிறகு, அலையை உண்மையில் அறிந்திருந்த ஒருவர் அவர்தான் என்ற முதல் மறுமொழியின் வரியை இன்னொரு முறை போய்ப் படித்தேன். 2011இல் வெளியான 'ஸ்மைல்' பதிவுகளை அடுத்து எடுக்கப்போகிறேன்.