பாவ அறிக்கை வாராவாரம் சொல்கிறோம், கணக்கு கேட்டால் மட்டும் ஏன் முகம் சுண்டுகிறது?

வாய்க்கால்_மேடு:
ஏனுங்க, இதை நம்ம ஆட்களிடம்தான் கேட்க முடியும். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, பேர் வேண்டாம், மூன்று தலைமுறையாக அங்கேதான் போகிறோம். இந்த வருஷ அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விட்ட ஏலத்தில் நான் ஒரு பூவன் தார் 4,200 ரூபாய்க்கு எடுத்தேன், பக்கத்தில் நின்றவர் ஒரு ஜோடிச் சேவலை 6,500க்கு எடுத்தார், இரண்டு பேரும் அங்கேயே பணத்தைக் கட்டினோம். குறைந்தது நாற்பது பொருளாவது போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதில் 'ஏல வரவு 14,300' என்று ஒரே வரி. செயலரிடம் கேட்டதற்கு, "கர்த்தருக்குக் கொடுத்ததை எண்ணிப் பார்ப்பீங்களா தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் என்ன தெரியுமா, மோசேயை எதிர்த்த கோராகின் கலகம், பூமி வாயைத் திறந்து அவனை விழுங்கியது. திருட்டு என்று நான் சொல்லவே இல்லை. தப்பு நடந்திருந்தால் நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல சபைக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

கோபி_பெரியவர்:
தம்பி, ஒன்பது வருஷம் கமிட்டியில் இருந்தவன் சொல்கிறேன். ஏலத்தில் பாதி கடன்தான், பொங்கல் தாண்டியும் வராத பாக்கி உண்டு, அதை வெளியே சொன்னால் கட்டாதவன் பேரையும் சொல்ல வேண்டுமே! கமிட்டியில் பாதிப் பேர் ஒறம்பரை, சொந்தக்காரர்கள்தான், கணக்கு எழுதுகிறவரும் தணிக்கை பார்க்கிறவரும் சம்பந்திகள். அப்புறம் நம்ம ஊர்களில் நாம் பத்துப் பதினைந்து குடும்பம்தான், ஊரே பார்க்கிறது, அதனால் எதற்கெடுத்தாலும் 'சாட்சி கெட்டுப்போகும்', அதாவது ஊர் முன்னால் நம் பேர் கெடும் என்ற பேச்சு. நானும் அதைச் சொல்லி இரண்டு விஷயத்தை அமுக்கியிருக்கிறேன், இப்போது அதை மறைக்கவில்லை.

கருமத்தம்பட்டி_வாசி:
சிஎஸ்ஐ மட்டும் இல்லைங்க, எங்கள் கத்தோலிக்கப் பக்கமும் இதே கதைதான். 2000 மார்ச் 12ஆம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் ரோமில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், பெரிய விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவம் என்றுதான் சொன்னார், திருச்சபையே பாவம் செய்தது என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லோரும் ஒளிந்துகொள்கிறோம். செத்துப் போனவர்களின் தப்பை ஒத்துக்கொள்வது சுலபம், உயிரோடு இருக்கிறவர் மாட்டினால்தான் சிக்கல். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது, சபைக்குள் சாதி இருக்கிறது என்று அதிலேயே ஒத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஊர்க் கல்லறையில் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் "மண் சரியாமல் இருக்கக் கட்டியது" என்பார்கள். சமதரையில் எந்த மண் சரியும்?

போதகர்_மகள்:
எல்லாவற்றையும் மேலே இருக்கிறவர்கள் தலையில் போடாதீர்கள். எங்கள் அப்பா ஒரு தடவை ஆராதனையில் நின்று, "கட்டட நிதியை அவசரத்துக்குச் சம்பளத்தில் போட்டுவிட்டேன், என் தவறு" என்றார். அழுதவர்கள் இருந்தார்கள், கட்டிப் பிடித்தவர்கள் இருந்தார்கள். அந்த வாரமே பேராயருக்கு மனுவும் போனது, மே மாதம் மாற்றல். அதைப் பார்த்த எந்தப் போதகர் ஐயா அடுத்து வாயைத் திறப்பார்? இங்கிலாந்துத் திருச்சபையைப் பாருங்கள், சிறுவர்கள் மீதான பழைய வன்கொடுமைக் குற்றச்சாட்டு 2013லேயே சபையின் உச்சி வரைக்கும் தெரியும், 2024 நவம்பரில் விசாரணை அறிக்கை வந்து ஐந்து நாள் கழித்துத்தான் அந்தச் சபையின் தலைமைப் பேராயராக இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி விலகுவதாகச் சொன்னார். முதலில் விலக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நொய்யல்_காரன்:
நான் சபைக்காரன் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி முடிந்தால் கோயில் திண்ணையில் மைக் வைத்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார்கள், வரி பாக்கி யார் யார் என்பது உட்பட. கெட்ட வார்த்தை வரைக்கும் போகும், ஒரு வருஷம் நாற்காலி பறந்தது. அப்புறம் டீ வரும். எங்களிடமும் குளறுபடி உண்டு, ஆனால் கேட்டவனைச் சாமிக்கு எதிரி என்று யாரும் சொன்னதில்லை.

வாய்க்கால்_மேடு:
எல்லோருக்கும் நன்றிங்க. கோபி அண்ணா சொன்னது சரிதான். நேற்று ராத்திரி பொருளாளரே போன் செய்து, கோபம் ஆறி, பாக்கிப் பட்டியலை வாசித்தார். இருபத்தியொரு பேர். ஏழாவது பேர் என் மாமனார், ஒரு வெள்ளாட்டுக் கிடாய், 9,000. பட்டியலைப் பலகையில் ஒட்டச் சொல்லி நானே கேட்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்தேன், இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.