புதுப்பிப்பு: என் இருட்டு ஹால் இப்போது எப்படி இருக்கிறது

பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால், வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது, பகலிலேயே இருட்டு, என்ன செய்யலாம் என்று மூன்று மாதம் முன்னால் கேட்டிருந்தேன். பழைய உள்அலங்காரப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பழைய புத்தகக் கடையில் ஒன்பது இதழ்கள் கிடைத்தன.

பாதிக்கு மேல் பெரிய பங்களாக்கள்தான். என்னைப் பிடித்து நிறுத்தியது இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு வீடு. 33ஆம் லேனில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றை 1958இல் எடுத்து, மற்றவற்றையும் போகப் போக வாங்கி இணைத்துக் கட்டியது. வெள்ளைச் சுவர்கள், நடுநடுவே வானம் இறங்குகிற குட்டி முற்றங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் வெளிச்சத்தில் போய் முடிகிறது. எத்தனை அழகான யோசனை!

நமக்கு முற்றம் ஏது? அதனால் ஜன்னலுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடியைத் தரையிலிருந்து சுவரில் சாய்த்து வைத்தேன். பக்கத்து வீட்டு வேப்பமரம் இப்போது ஹாலுக்குள் அசைகிறது. காலை எட்டு மணிக்கு விளக்குப் போட வேண்டியதில்லை. பெரிய சோபாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்புறம், டீப்பாய். பழைய மரச் சட்டத்தில் நான்கு ஆத்தங்குடிக் கற்களை, அதாவது செட்டிநாட்டுத் தரை ஓடுகளை, பதித்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல் என்பதால் பூக்களின் ஓரம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகேறுகிறது.

திரைச்சீலை இன்னும் முடிவாகவில்லை. மெல்லிய வெள்ளைப் பருத்தியா, கைத்தறிக் கட்டமா? சொல்லுங்கள்.