விதிப்புத்தகத்தில் இல்லாத விதிகள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேமில் பல வருடம் நான் த்ரோ போட்டதே இல்லை. போடத் தெரியாமல் இல்லை. கிட்டே போய் ஆளைப் பிடித்துத் தூக்கி எறிவது அசிங்கம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அதே நினைப்பு. யாராவது தொடர்ந்து இரண்டு த்ரோ போட்டால் "சீட்டிங்டா!" என்று சத்தம் கிளம்பும், போட்டவனும் அடங்கிவிடுவான்.

அப்புறம் ஆன்லைனில் ஒருவரிடம் மாட்டினேன். பிளாக் பிடித்துக்கொண்டு, அதாவது அடி விழாமல் தடுத்துக்கொண்டு நின்றால் வந்து த்ரோ. எழுந்து மறுபடி பிளாக், மறுபடி த்ரோ. ஒரே ரவுண்டில் ஐந்து. ஆட்டம் முடிந்ததும் "இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று மெசேஜ் தட்டினேன். வந்த பதில்: "நீங்க பிளாக்கை விட்டா நான் த்ரோவை விட்டுடறேன்."

கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. ஆறிய பிறகுதான் உறைத்தது. அடியை பிளாக் தடுக்கும், பிளாக்கை த்ரோ உடைக்கும், த்ரோ போட வருபவனை அடி தடுக்கும். கல், காகிதம், கத்தரிக்கோல் மாதிரி இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஆட்டம். நான் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதிராளியும் காகிதம் காட்டக் கூடாது என்று எதிர்பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் த்ரோவிலிருந்து தப்ப வழி உண்டு. குதிக்கலாம். பல பதிப்புகளில், அவர் பிடிக்கும் அதே நேரத்தில் நாமும் த்ரோவை அழுத்தினால் பிடி விலகிவிடும். அதைப் பழக வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை, திட்டினால் போதுமாக இருந்தது.

இன்னொன்று. இன்று சண்டை கேம் என்றாலே நினைவுக்கு வருவது காம்போதான், எதிராளி தடுக்க முடியாதபடி அடுத்தடுத்து விழும் அடிகள். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் அது யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. உருவாக்கியவர்கள் கவனித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டதுதான். என் கூட்டம் அன்று இருந்திருந்தால் அதையும் சீட்டிங் என்றுதான் சொல்லியிருக்கும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள், கேமில்தான் என்றில்லை.

*

எனக்கு செஸ்ஸில். மூன்று நிமிட பிளிட்ஸ், அதாவது ஆளுக்கு மொத்தமே மூன்று நிமிடம், அது தீர்ந்தால் தோல்வி. ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தும் கடிகாரத்தில் தோற்றேன். "ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தும் நேரத்துக்காக ஆடுகிறானே, மானம் இல்லையா" என்று ஒரு வாரம் புலம்பினேன். பிறகு என் பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். எட்டாவது நகர்த்தலுக்கே நாற்பது நொடி யோசித்திருக்கிறேன். மூன்று நிமிடத்தில் அவர் நல்ல நிலையை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கினார், நான் நேரத்தைக் கொடுத்து நல்ல நிலையை வாங்கினேன். இதில் யார் யாரை ஏமாற்றியது?

*

நான் கேம் ஆடுபவள் இல்லை. ஆனால் முதலில் எழுதியவர் சொன்ன "சீட்டிங்டா" எங்கள் அலுவலகத்திலும் உண்டு. அங்கே அதற்குப் பெயர் "காக்கா பிடிக்கிறான்".

மூன்று வருடம் சம்பள உயர்வு கேட்காமல் இருந்தேன். நன்றாக வேலை செய்தால் அவர்களே பார்த்துத் தருவார்கள், வாய் திறந்து கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பு. எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் ஆறு மாதத்தில் செய்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். கிடைத்தது. காக்கா பிடித்துவிட்டான் என்று சாப்பாட்டு மேசையில் முதலில் சொன்னவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை நானும் எழுதிக்கொண்டு போனேன். மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "ஏன் இத்தனை நாள் கேட்கலை?" கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் இன்னும் உறுத்துகிறது.

*

கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு வில்ட் சேம்பர்லின் கதை தெரிந்திருக்கும். ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காமல் கூடையில் போடும் ஃப்ரீ த்ரோ அவருக்குச் சுத்தமாக வராது. 1961–62 சீசனில் பந்தைக் கால்களுக்கிடையிலிருந்து, கீழிருந்து மேலாக வீசினார். 61 சதவீதம் விழுந்தது. 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது 32 ஃப்ரீ த்ரோவில் 28 போட்டார். அப்புறம் அந்த முறையையே விட்டுவிட்டார். பார்க்கக் கேவலமாக இருக்கிறதாம்! 1967–68இல் 38 சதவீதத்துக்கு இறங்கியது. தப்பு என்று தெரிந்தே விட்டதாகப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். அதே மாதிரி வீசிய இன்னொரு ஆட்டக்காரர் ரிக் பேரி, அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஏறக்குறைய 90 சதவீதம் வைத்திருந்தார்.

நூறு புள்ளி எடுத்த மனிதருக்கே வெட்கம் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம். ஜிம்மில் சின்ன எடையைத் தூக்க வெட்கப்பட்டுத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

*

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டுப்பாடு எல்லாமே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. போக்கிமான் என்ற உயிரினங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடும் போக்கிமான் கேமை நான் நஸ்லாக் முறையில்தான் ஆடுவேன். மயங்கி விழுந்த போக்கிமான் செத்ததாகக் கணக்கு, ஒவ்வொரு இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டும் பிடிக்கலாம். கேம் இதைக் கேட்பதில்லை, ஆடுபவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி. அதனால்தான் ருசி. ஆனால் தோற்றால் கேமைத் திட்ட மாட்டேன், என் விதியை நீயும் பின்பற்று என்று யாரிடமும் போய் நிற்கவும் மாட்டேன்.

ஜெயிப்பதற்காக எதையும் செய்கிற காலமும் எனக்கு இருந்தது. அக்கா மகனுக்கு ஒன்பது வயது. செஸ்ஸில் நாலு நகர்த்தலில் மேட் வைப்பேன், எல்லாம் சட்டப்படிதான். ஒரு மாதத்தில் அவன் பலகையை எடுப்பதையே விட்டுவிட்டான். விதிப்படி சரியாக ஆடி, ஆடுவதற்கு ஆளே இல்லாமல் போனேன்.

இப்போது ராணி இல்லாமல் ஆடுகிறேன், அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட்டு. போன வாரம் தோற்றேன். "ராணி இருந்திருந்தா..." என்று வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டு இன்னொரு ஆட்டம் கேட்டேன். "வீட்டுப்பாடம் இருக்கு மாமா" என்று எழுந்து போய்விட்டான்.